தம்பியின் ரத்தம் பழசாகும் வரை

செய்தி எனக்கு இன்டர்காமில் வந்தது. காலை பத்தரை மணி இருக்கும். வார்டு சிஸ்டர், "சார், தமயந்தி மேடத்துக்கு எடுத்து வெச்ச ரெண்டு யூனிட் இனிமே வேண்டாம்" என்றார். ரத்த வங்கியில் வேலை செய்கிறவர்களுக்குச் சாவுச் செய்தி இப்படித்தான் வரும். யாரும் இறந்துவிட்டார் என்று சொல்வதில்லை, யூனிட் வேண்டாம் என்பார்கள். பதினெட்டு வருஷமாக இதைக் கேட்டு, சரி என்பதற்கு "டீக் ஹை" என்று ஃபோனை வைக்கிறவன் நான். அன்றும் வாயில் அதுதான் வந்தது. சொன்ன பிறகு ஃபோனை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன்.

தமயந்தி அக்காவை அறிந்த உங்களுக்கு அவருடைய பிடிவாதத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. எனக்கு இரண்டு வருஷம் முன்னால் லேபில் சேர்ந்தவர். பாம்பூஃப்ளாட்டிலிருந்து தினமும் ஃபெர்ரி பிடித்து வருவார். பத்துபஸ்தியில் இருக்கும் நான் அவருக்குப் பிறகுதான் வந்து சேர்வேன். "பக்கத்துல இருக்கிறவனுக்குத்தான் தூரம் ஜாஸ்தி" என்று குத்துவார். எங்கள் இருவருக்கும் சண்டை வராத வாரம் கிடையாது. டீ மட்டும் ஒன்றாகத்தான் குடிப்போம்.

நம் தீவுகளில் ஒருவர் படுத்துவிட்டால் குடும்பமே கப்பலேறி வந்துவிடும். அண்ணன் தம்பிகள் சட்டைக் கையை மடித்துவிட்டு எங்கள் வாசலில் வரிசையில் நிற்பார்கள். சொந்த ரத்தம், அதுவும் சுடச்சுட ஏற்றினால்தான் ஒட்டும் என்று ஒரு நம்பிக்கை. அக்கா அவர்களை விரட்டமாட்டார். எல்லோரிடமும் எடுத்துக்கொள்வார். ஆனால் இந்தக் கட்டில்காரரின் தம்பி ரத்தம் அந்தக் கட்டிலுக்குப் போகும், அந்தக் கட்டில்காரரின் மகன் ரத்தம் இங்கே வரும். லாங் ஐலண்ட்டிலிருந்து வந்த ஒரு பெரியவர் ஒருமுறை கவுன்ட்டரைத் தட்டி, "என் ரத்தம் இருக்கறப்ப யாரோ ஒரு பெங்காலி ரத்தமா என் தம்பிக்கு?" என்று கத்தினார். அக்கா எழுந்திருக்கக்கூட இல்லை. "அரே பாபா, அந்த பெங்காலி உங்க தம்பிக்கு யாருமே இல்ல பாருங்க, அதனாலதான் அவர் ரத்தம் நல்லது" என்றார். பெரியவர் குழம்பிப்போய் உட்கார்ந்துவிட்டார்.

குழப்பம் எங்களுக்கும் ஒரு காலத்தில் இருந்ததுதான். அக்கா அதை ஃபெர்ரி கணக்கில் விளக்குவார். "குடுக்கிற ரத்தத்துல வெள்ளை அணுவும் சேர்ந்து வரும். அந்நியன் அணுன்னா நம்ம உடம்பு ஃபெர்ரி நிக்கிற சாத்தாம் ஜெட்டி செக்கர் மாதிரி டிக்கெட் கேட்டு இறக்கி விட்டுடும். சொந்தக்காரன் அணுன்னா, அட நம்ம ஆளுன்னு கேட்காமலே உள்ள விட்டுடும். உள்ள போனவன் சும்மா இருப்பானா? அவனுக்கு நாமதான் அந்நியன். தோல், குடல், ஈரல், எலும்புக்குள்ள இருக்கிற மஜ்ஜை, எல்லாத்தையும் அடிப்பான்." அப்படி நடப்பது அபூர்வம். நடந்துவிட்டால் மனிதர் பிழைப்பது அதைவிட அபூர்வம்.

பிறகு அவருக்கே நிணநீர்ப் புற்றுநோய் வந்தது. மெயின்லேண்டில் ஏழு மாதம் சிகிச்சை. மெலிந்து, தலையில் துண்டு கட்டிக்கொண்டு திரும்பி வந்தவர், தன் நோயைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அங்கே பார்த்த கதிர்ப் பெட்டியைப் பற்றியே ஒரு வாரம் பேசினார். அவருக்கு ஏற்றிய ஒவ்வொரு பையையும் முதலில் அதற்குள் வைத்து எடுத்தார்களாம். "கதிர் பட்டா வெள்ளை அணு உடனே சாகறதில்லப்பா. ஆனா பெருக முடியாது. படை சேர்க்க முடியாதவன் யாரோட சண்டை போடுவான்? சிவப்பு அணு பாட்டுக்கு அதோட வேலையைச் செய்யுது." எங்கள் லேபில் அந்தப் பெட்டி இல்லை. எங்களிடம் இருந்தவை குளிர்சாதனப் பெட்டியும் பொறுமையும்தான். ரத்தம் இரண்டு மூன்று வாரம் குளிரில் கிடந்தால் அந்த அணுக்களின் வீரியம் பெரும்பாலும் அடங்கிவிடும்.

அதனால்தான் ஒருநாள் டீ நேரத்தில் ஒரு காலிப் பையை என் மேஜையில் வைத்தார். அவருக்கு ஓ நெகட்டிவ். ஜெட்டியில் ஃபெர்ரிக்குக் கயிறு கட்டும் வேலையிலிருக்கும் அவர் தம்பி முருகேசனுக்கும் அதேதான். லேபிளில் தம்பி பெயரையும் பிரிவையும் தானே எழுதியிருந்தார். தேதி மட்டும் எழுதவில்லை.

"இப்பவே எடுத்து வை. பழசாகட்டும். எனக்கு எப்ப என்ன ஆகும்னு தெரியாது. அவன் ரத்தம் புதுசா மட்டும் எனக்கு வேண்டவே வேண்டாம்."

எதிரில் உட்கார்ந்து பிஸ்கட்டை டீயில் முக்கிச் சாப்பிடுகிற ஒருவருக்காக அந்தப் பையை நிரப்ப எனக்கு மனம் வரவில்லை. அபசகுனமாகப் பட்டது. "அடுத்த வாரம் பார்க்கலாம்க்கா" என்று மேஜை டிராயரில் போட்டேன். அடுத்த வாரமும் அதையேதான் சொன்னேன். விஞ்ஞானம் படித்தவன் செய்கிற வேலையா இது?

மூன்று வாரம் கழித்து அவர் ரத்த வாந்தி எடுத்தார். கடல் கொந்தளிப்பில் கப்பல்கள் நின்றிருந்தன, விமானங்களும் வரவில்லை. எங்களிடம் இருந்த கடைசி ஓ நெகட்டிவ் முந்தின நாள் ஒரு பிரசவத்துக்குப் போயிருந்தது. பட்டியலில் இருந்த அந்நியர்கள் எல்லோரையும் அழைத்தேன். ஒருவர் மெயின்லேண்டில், ஒருவருக்குக் காய்ச்சல். லாங் ஐலண்ட்டில் இருக்கும், ராஞ்சியிலிருந்து வந்த தச்சர் "ஆவூங்கா பாய், ஆவூங்கா, போட் கஹாங்?" என்றார். வருவதற்கு ஆள் இருந்தார், படகு இல்லை. வாசலில் முருகேசன் சட்டைக் கையை மடித்துவிட்டு நின்றார். "என்ன சார் யோசிக்கிறீங்க? எடுங்க" என்றார். டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "ஏத்தலைன்னா சாயங்காலம் வரைக்கும் தாங்க மாட்டாங்க" என்றார் அவர். டிராயரில் இருந்த பையைத் தொடாமல் வேறு பையில் எடுத்தேன்.

பையைத் தொங்கவிட்டபோது அக்கா கண்ணைத் திறந்தார். ஒவ்வொரு பையைப் பார்த்தும் என்னிடம் பதினெட்டு வருஷமாகக் கேட்கிற கேள்வியைக் கேட்டார்.

"யாரோடது?"

"ராஞ்சித் தச்சரோடதுக்கா" என்றேன்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். ரத்தம் நின்றது, பிழைத்தார், எழுந்து கஞ்சி குடித்தார். நான் கோவிலுக்கெல்லாம் போனேன். பதினோராம் நாள் காய்ச்சல் வந்தது. பதின்மூன்றாம் நாள் நான் போனபோது இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். சிவந்து தடித்திருந்தன.

"தச்சரோடது இல்ல, இல்லியா?"

அழுதேன். அவர் அழவில்லை.

"ஏத்தினது தப்பில்ல. அன்னைக்கே போயிருப்பேன். லேபிள்ல ஒண்ணு இருக்க வாயில ஒண்ணு சொன்ன பாரு, அதுதான் தப்பு. தம்பிகிட்ட நானே சொல்லிக்கறேன்."

டிராயரில் கிடந்த பையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டுத் திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். மருந்துகள் கொடுத்தார்கள், எதுவும் பிடிக்கவில்லை. கடல் அடங்கி மெயின்லேண்டிலிருந்து ஓ நெகட்டிவ் இரண்டு யூனிட் வந்து சேர்ந்தது. வேண்டாம் என்று சிஸ்டர் சொன்னது அந்த இரண்டைத்தான்.

காரியம் முடிந்த மறுநாள் முருகேசன் லேபுக்கு வந்து சட்டைக் கையை மடித்தார். ஒருமுறை கொடுத்தால் அடுத்ததற்கு மூன்று மாதம் ஆக வேண்டும் என்றேன். "சரி, அப்ப வர்றேன். அக்கா எல்லாம் சொல்லிட்டாங்க சார். சொந்தத்துக்குத்தானே குடுக்கக் கூடாது? எனக்கு இருந்தது அவங்க ஒருத்தங்கதான். இனிமே நான் யாருக்கு வேணா குடுக்கலாம்ல?" என்று கேட்டார். குடுக்கலாம் என்றேன். இதை எழுதச் சொன்னவரும் அவர்தான். "நாலு குடும்பம் படிக்கட்டும்" என்றார்.

எழுதி முடித்து, அச்சுக்கு அனுப்பும் முன் அவரிடம் படித்துக் காட்டினேன். அக்கா அவரிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கவில்லை. நான் தள்ளிப்போட்ட அந்த மூன்று வாரத்தை நானே சொல்லட்டும் என்று விட்டுவைத்திருந்தார். டிராயர் வந்த இடத்தையும் விடாமல் படித்தேன். முருகேசன் "பையைக் காட்டுங்க" என்றார். எடுத்துக் கொடுத்தேன். அக்கா கையெழுத்தில் இருந்த தன் பெயரை விரலால் தடவிப் பார்த்தார். தேதிக்கான இடம் காலியாக இருந்தது. வீட்டுக்கு எடுத்துப் போகிறீர்களா என்று கேட்டேன்.

பையை என் கையிலேயே திருப்பி வைத்தார். "நீங்களே வெச்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டு ஃபெர்ரிக்குப் போய்விட்டார்.

வைத்திருக்கிறேன்.