கரண்டியம்மாவின் புதன்கிழமை

கொதிக்கும் பருப்பைக் கரண்டியில் மொண்டு, புறங்கையில் ஒரு சொட்டு விட்டு, நக்கிப் பார்த்து, “ம்” என்று தலையை ஆட்டுகிறார் சமையல்கார அம்மா. பேருந்துப் பணிமனைக் கேண்டீனில் காலை ஐந்தரை மணிக்கு அந்த “ம்” வந்த பிறகுதான் அண்டாவை இறக்குவார்கள். இருநூறு டிரைவர், கண்டக்டர்களின் வயிறு அதை நம்பி இருக்கிறது. நான்கு மாதமாக அது பொய்.

ஐம்பத்திரண்டு வயது. யாரோடு பேசினாலும் கையில் கரண்டி இருக்கும் என்பதால் பணிமனையில் அவருக்குக் கரண்டியம்மா என்று பெயர். திட்டும்போது அதை நீட்டுவார், சிரிக்கும்போது அதால் முதுகைச் சொறிந்துகொள்வார். வெங்காயம் வதங்கும் சத்தத்தை வைத்தே, அடுப்புக்கு முதுகைக் காட்டியபடி, “தீயைக் குறைடீ” என்பார். தப்பாது.

கோடையில் ஒரு காய்ச்சல் வந்து ஐந்து நாள் படுத்தார். எழுந்தபோது உடம்பு தேறியிருந்தது. நாக்கும் மூக்கும் மட்டும் திரும்பி வரவில்லை. “பஞ்சை மெல்லற மாதிரி இருக்கு. சூடு தெரியுது, ஜில்லுன்னா தெரியுது, அவ்ளோதான்” என்று நாத்தனாரிடம் மட்டும் சொன்னார். கணவரிடம் சொல்லவில்லை. அவர் தட்டில் என்ன இருக்கிறது என்று பார்க்காமலே சாப்பிட்டு முடிக்கிற மனிதர். கேட்டால் “நல்லாத்தான் இருந்துச்சு” என்பார்.

கைக்கணக்கில் சமைத்தார். சந்தேகம் வந்தால் காய் நறுக்குகிற பெண்ணைக் கூப்பிட்டு, “உனக்கு நாக்கு இருக்கான்னு பார்க்கறேன், சொல்லு” என்று ஒரு கரண்டி நீட்டுவார். அவளும் தனக்குத்தான் பரீட்சை என்று நினைத்துப் பயபக்தியோடு பதில் சொல்வாள். ஆனால் ஒரு திங்கட்கிழமை அவள் லீவு. கரண்டியம்மா இரண்டு தரம் உப்புப் போட்டுவிட்டார். டிரைவர்கள் தட்டோடு எழுந்து போனார்கள். மேலாளர் சத்தம் போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது. “இன்னொரு தடவை இப்படின்னா நான் வேற ஆள் பார்க்கணும்மா” என்றார்.

நாத்தனார் மருந்துக்கடையில் வேலை செய்பவர். “பதினஞ்சு வருஷமா மாத்திரை எடுத்துக் குடுக்கறேன் அண்ணி, இதுக்கு மாத்திரை இல்ல. டாக்டரும் வரும்போது வரும்னுட்டாரு. நடந்து பாருங்க, பசியாவது வரும்” என்றார். வேளைக்கு இரண்டு பிஸ்கட்டில் கரண்டியம்மா துரும்பாகிக்கொண்டிருந்தது அவருடைய கவலை. அதிலிருந்து புதன்கிழமை விடுமுறைகளில் இருவரும் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலிருக்கும் மலையில் ஏறி, ஓடையைத் தாண்டி, மறுபக்கம் பேருந்து நிறுத்தத்தில் இறங்குவார்கள். நாலு மணி நேர நடை. நாத்தனார் வழியெல்லாம் பேசுவார். கரண்டியம்மா கையில் கரண்டி இல்லாததால் ஒரு குச்சியைப் பொறுக்கி வைத்துக்கொள்வார்.

ஆறாவது புதன்கிழமை உச்சியில் பிடித்த மழை விடவில்லை. ஓடையில் இடுப்பளவு தண்ணீர். சுற்றுப்பாதையில் போனார்கள், அதில் மூன்று மணி நேரம் கூடிற்று. நாத்தனாரின் செருப்பு வார் அறுந்தது. “நானே கூப்பிட்டு நானே மாட்டிக்கிட்டேன். இதுல உங்களைச் சொல்லி என்ன!” என்று அழாத குறையாகச் சேற்றில் நொண்டி வந்தார். கரண்டியம்மா தன் செருப்பைக் கழற்றி அவரிடம் கொடுத்துவிட்டு வெறுங்காலோடு முன்னால் நடந்தார். வழுக்குகிற இடங்களில் திரும்பிப் பார்க்காமலே கையைப் பின்னால் நீட்டினார்.

கீழே வந்தபோது சாயங்காலம் நாலு மணி. நிறுத்தத்தில் ஒரே ஒரு தள்ளுவண்டி. நீல பிளாஸ்டிக் விரிப்புக்கடியில் ஒருவர் ரொட்டியை முட்டையில் தோய்த்துக் கல்லில் போட்டுக்கொண்டிருந்தார். நாத்தனார் ஆளுக்கொரு தட்டு போடச் சொன்னார். கரண்டியம்மாவின் கண் வழக்கம்போல் வேலை செய்தது. கல் அதிகம் காய்ந்திருந்தது. வெங்காயம் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் நறுக்கியிருந்தது. ஈரத்தில் கட்டி தட்டிப்போன உப்பு டப்பாவை அந்த ஆள் ஓங்கித் தட்ட, சுண்டைக்காய் அளவு கட்டி ஒன்று அப்படியே முட்டையில் விழுந்தது. பார்த்தார். தனக்கு எதுவானால் என்ன என்று நின்றார்.

விரிப்பின் ஓரத்திலிருந்து தண்ணீர் தோளில் சொட்ட, நின்றபடியே முதல் வாய் கடித்தார். மென்றார். நிறுத்தினார். மறுபடி மெதுவாக மென்றார்.

“உப்பு ஜாஸ்தி.”

வண்டிக்காரருக்குச் சுருக்கென்றது. “காலையிலேர்ந்து எல்லாரும் இதைத்தாம்மா சாப்பிட்டாங்க...”

“கரிக்குதுங்கறேன்! உப்புக் கரிக்குது!” கரண்டியம்மாவின் குரல் உயர்ந்தது. மிளகு தெரியவில்லை, வெங்காயமும் தெரியவில்லை. நாக்கின் இரண்டு ஓரங்களிலும் உப்பு மட்டும் சுரீரென்று நின்றது.

நாத்தனார் வாயில் வைத்த ரொட்டியை விழுங்க மறந்தார். அதை அவசரமாக மென்று பார்த்து, “ஆமா அண்ணி! வாயில வைக்க முடியல!” என்றார். சொல்லும்போதே கண்ணில் தண்ணீர் கோத்தது.

இரண்டு பெண்கள் சேர்ந்து தன் சரக்கை இப்படிக் கொண்டாட்டமாகப் பழிப்பது வண்டிக்காரருக்குப் புரியவில்லை. வருகிற வாடிக்கையாளர்கள் கேட்டுவிடுவார்களோ என்று சாலையைப் பார்த்தார். “சரி, கோவிச்சுக்காதீங்க. அதைக் குடுங்க, வேற போட்டுத் தரேன்” என்று தட்டுக்குக் கை நீட்டினார்.

கரண்டியம்மா தட்டை இரண்டு கையாலும் மார்போடு அணைத்துக்கொண்டு, அவருக்கு முதுகைக் காட்டித் திரும்பி, மழையைப் பார்த்தபடி அடுத்த வாயைக் கடித்தார்.