முருகேசன் அண்ணாச்சி சொன்ன ‘ஆனா’

புதிதாக மிஷனுக்குக் கிளம்பும் பிள்ளைகள் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: “என்ன எடுத்துட்டுப் போகணும்?” நல்ல ஷூ இரண்டு ஜோடி என்பேன். பர்மாவில் நான் இருந்த யாங்கூன் மழையில் ஒன்று காய்வதற்குள் அடுத்தது நனைந்துவிடும். மற்றதையெல்லாம் உட்காரவைத்துத்தான் சொல்ல வேண்டும்.

1. இருபது வயது மூப்பர்

எங்கள் மார்மன் சபையில் மிஷனரியாகப் போகும் பையனுக்கு ‘எல்டர்’ என்று பட்டம். மூப்பர் என்று அர்த்தம். எனக்கோ அப்போது மீசைகூட ஒழுங்காக வரவில்லை. “மூப்பரய்யா, சோத்தத் தின்னுட்டுப் போங்க” என்று தூத்துக்குடியை விட்டுக் கிளம்பும் நாள்வரை தங்கச்சி கிண்டலடித்தாள்.

யாங்கூனில் என் ஜோடி எல்டர் கோல், அமெரிக்கப் பையன். ஜோடியை விட்டு எங்கும் போகக் கூடாது, சோப்பு வாங்கக்கூட இருவரும்தான். காலையில் வேதப் படிப்பு, பிறகு பர்மியப் பாடம், அப்புறம் வெள்ளைச் சட்டை, டை, பஸ். தெருவில் போகிறவர்களை நிறுத்திப் பிரசங்கம் செய்ய முடியாது. கூப்பிட்ட வீட்டுக்குத்தான் போவோம். டீ, காபி தொடக் கூடாது. தெருவுக்கு நாலு டீக்கடை உள்ள ஊரில் இதைவிட வேறென்ன சோதனை வேண்டும்?

2. டின் மவுங் என்கிற முருகேசன்

சபைக் கட்டடத்தில் இங்கிலீஷ் வகுப்பும் நடத்தினோம். அலோன் பக்கம் கப்பல் கிடங்கில் வேலை பார்த்த டின் மவுங் என்பவர் அதற்கு வந்தார். ஒருநாள் பேனா ஒழுகிச் சட்டையெல்லாம் மை. “அட கருமமே!” என்றார். நான் துள்ளிவிட்டேன்.

“அண்ணாச்சி, நீங்க தமிழா?”

“ஆமாந் தம்பி. வீட்டுல முருகேசன். வெளியிலதான் டின் மவுங்.”

அந்த வாரமே தின்கன்ஜூனில் இருந்த வீட்டுக்குக் கூப்பிட்டார். அவர் மனைவி கண்ணம்மா அக்கா டீ கொண்டுவந்தார். வேண்டாம் என்றதும் அவர் முகம் சுருங்கிவிட்டது. எங்களுக்கு எலுமிச்சை ஜூஸ் வந்தது. அண்ணாச்சி தன் டீயையும் தொடாமல் உள்ளே அனுப்பிவிட்டார். அதன்பின் நாங்கள் இருக்கும்போது அவர் டீ குடித்து நான் பார்த்ததில்லை.

வாரா வாரம் பாடம் நடந்தது. ஜெபம் பண்ணலாமா என்றால் “சரி தம்பி.” சபைக்கு வருகிறீர்களா என்றால் “வர்றேன் தம்பி.” கடைசியில் ஞானஸ்நானம் எடுத்துக்கொள்வீர்களா என்று கேட்டேன். சற்று நேரம் பாயைத் தடவிக்கொண்டிருந்தார்.

“சரி தம்பி. எனக்கு ஆனா...”

“ஆனா, என்ன அண்ணாச்சி?”

“ஆனாதான் தம்பி.”

“சும்மா சொல்லுங்க. ஆனா?”

“அதான் சொல்றேனே, ஆனா!” என்று சிரித்தார்.

சந்தோஷத்தில் மனிதருக்கு வார்த்தை வரவில்லை என்று எடுத்துக்கொண்டேன். எங்கள் வேலையில் ஒருவரைத் தண்ணீருக்கு அழைத்துப் போவதைவிடப் பெரிய பாக்கியம் இல்லை. எனக்கு அதுவரை அது வாய்க்கவில்லை. போனில் சொன்னபோது அம்மா அழுதேவிட்டாள்.

3. பர்மா ஆனா

ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம். அதற்கான வெள்ளை உடை அளவாக இருக்கிறதா என்று பார்க்க, அந்த வாரத்திலேயே பையோடு அவர் வீட்டுக்குப் போனோம். அண்ணாச்சி இன்னும் வேலையிலிருந்து வரவில்லை. ஆண் இல்லாத வீட்டுக்குள் நாங்கள் போகக் கூடாது, அதனால் வாசலிலேயே நின்றோம். அக்கா பையை வாங்கவில்லை.

“தம்பி, அவரு ஒங்ககிட்ட ஆனான்னு சொல்லலியா?”

“சொன்னாருக்கா. ஆனா, முடிக்கவே இல்லையே.”

அக்கா தலையில் அடித்துக்கொண்டார். “ஐயோ! அது நம்ம ஆனா இல்ல தம்பி, பர்மா ஆனா. வேணாம்னு சொன்னா ஒங்க மனசு நோகுமேன்னு கூசுறது. அவருக்குச் சோறு எறங்கல. பங்குனிக்குக் காவடி எடுக்குறவரு. அவங்க அப்பாவுக்குப் பெறகு இவருதான். தண்ணில முங்கிட்டா இனி எடுக்க முடியுமா, நீங்களே சொல்லுங்க.”

முடியாது. எங்களோடு சேர்ந்தால் காவடியை விட்டாக வேண்டும். எனக்குக் காது சூடாகிவிட்டது. கோலுக்கு எடுத்துச் சொன்னேன். பாவம், பையை மார்போடு பிடித்துக்கொண்டு, அவர் சரி என்றுதானே சொன்னார் என்று திரும்பத் திரும்பக் கேட்டான்.

அதற்குள் அண்ணாச்சி வந்துவிட்டார்.

“அண்ணாச்சி, விருப்பம் இல்லன்னா தாராளமாச் சொல்லுங்க. நாங்க ஒண்ணும் நெனைக்க மாட்டோம்” என்றேன்.

“சேச்சே! யாரு சொன்னா? வர்றேன் தம்பி, கண்டிப்பா வர்றேன்” என்று பைக்குக் கை நீட்டினார். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நான் எவ்வளவு சொன்னாலும் மனிதர் மறுக்கப் போவதில்லை என்று அப்போதுதான் உறைத்தது. கோல் பையை நீட்டப் போனான், நான் அவன் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

“அண்ணாச்சி, எனக்கு ஆனா.”

நிமிர்ந்து பார்த்தார்.

“நெசமாத்தான். எங்களுக்காக நீங்க தண்ணில எறங்குனா எனக்குத்தான் ஆனா. ஞாயித்துக்கெழம வேண்டாம். எனக்காக விட்டுருங்க.”

அண்ணாச்சி வாசற்படியில் உட்கார்ந்து பெரிதாக மூச்சு விட்டார். அக்கா அழுதார். எனக்கும் துக்கம்தான், மறைப்பானேன்? அம்மாவிடம் என்ன சொல்வது என்று வேறு கவலை.

“இப்பத்தான் தம்பி ஒங்களுக்கு எங்க பர்மாத் தமிழு வந்திருக்கு” என்றார் அண்ணாச்சி.

மிஷன் முடியும்வரை எனக்கு ஒரு ஞானஸ்நானமும் வாய்க்கவில்லை. ஷூ இரண்டு ஜோடியும் தேய்ந்ததுதான் மிச்சம். ஆனாலும் கிளம்பும் பிள்ளைகளிடம் இதைச் சொல்லாமல் விடுவதில்லை: ஒருவர் சரி என்றதும் குதிக்காதீர்கள். அவர் மாட்டேன் என்று சொல்ல நாம் வழி விட்டோமா என்று முதலில் பாருங்கள்.

அன்று அண்ணாச்சி எங்களை உள்ளே கூட்டிப்போய் உட்காரவைத்தார். எங்களுக்கு வழக்கம்போல் எலுமிச்சை ஜூஸ். “கண்ணம்மா, எனக்கு ஒரு டீ!” என்று உரக்கச் சொன்னார். டீ வந்தது. எங்கள் எதிரிலேயே உட்கார்ந்து சத்தமாக உறிஞ்சிக் குடித்தார்.