ஓவனுக்குள் ஒரே இட்லி

எங்கள் வீட்டு ஓவனுக்குள் என்னென்ன இருக்கும் என்று கேட்டால் மூச்சு விடாமல் சொல்வேன். இரண்டு தோசைக்கல், பணியாரச் சட்டி, கைப்பிடி ஆடும் வாணலி, முறுக்கு அச்சு, பிரித்துப் பாதி தின்ற அப்பளக் கட்டு. அடுப்புக்கு அடியில் கதவு போட்டு இவ்வளவு பெரிய அலமாரியைக் கொடுத்திருக்கிறார்கள், சும்மா விட முடியுமா? இந்த நாட்டில் பதினாலு வருஷம் குடித்தனம் நடத்தியும் நான் அதைப் பற்றவைத்ததே இல்லை. குளிர் நாளில் மட்டும் அதற்கு இன்னொரு வேலை உண்டு. உள்ளே லைட்டைப் போட்டு இட்லி மாவை வைத்துவிட்டால், பல்பு சூட்டிலேயே மாவு ஜம்மென்று பொங்கிவிடும்.

இப்படிப்பட்ட வீட்டில் பிறந்த என் மகள், "வி பேக் ஆல் த டைம் இன் த ஃபால்" என்று, இலையுதிர் காலம் பூரா நாங்கள் ஓவனில் கேக் சுடுகிற மாதிரி, பள்ளிக்கூடத்தில் ஒரு பெண்ணிடம் அளந்துவிட்டு வந்திருந்தாள்.

வேறு நேரமாக இருந்தால் ஒரு பிடி பிடித்திருப்பேன். ஆனால் அந்த ஜூனில்தான் இவருடைய வேலைக்காக நியூ ஜெர்சியிலிருந்து டெக்ஸஸில் ரவுண்ட் ராக்குக்கு வந்திருந்தோம். ஏழாவது படிக்கிற பெண்ணை, கூட்டாளிகளிடமிருந்து பிய்த்துக்கொண்டு வந்து இங்கே நட்டாயிற்று. நாலு மாதமாக அவள் சரியாகப் பேசவில்லை, சிரிக்கவில்லை. மத்தியானச் சாப்பாட்டை லைப்ரரியில் தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறாள் என்று டீச்சர் மெயில் போட்டபோது, காரிலேயே உட்கார்ந்து அழுதேன். இப்போது முதன்முதலாக ஒருத்தி வீட்டுக்கு வரப்போகிறாள். சனிக்கிழமை மூன்று மணிக்கு, பம்ப்கின் ப்ரெட் என்கிற பரங்கிக்காய் கேக் சாப்பிட. அதற்காக ஓவன் என்ன, ராக்கெட்டையே பற்றவைக்கச் சொன்னாலும் பற்றவைத்திருப்பேன்.

வெள்ளிக்கிழமை ராத்திரியே நானும் அவளும் ஓவனைக் காலி பண்ணினோம். டைனிங் டேபிள் முழுக்கப் பாத்திரம். "ஓ மை காட், அம்மா, வை டூ வி ஹேவ் த்ரீ ஆஃப் திஸ்?" என்று அவள் இடுக்கியைத் தூக்கிக் காட்டினாள். மூன்றும் மூன்று வேலைக்கு என்றேன். நம்பவில்லை.

சனிக்கிழமை விடிந்தால் மழை. டெக்ஸஸில் குளிர் சொல்லிக்கொண்டு வராது. நேற்று வரை தொண்ணூறு டிகிரி கொளுத்தியது, இன்று ஐம்பத்தைந்து. மழை சுவரில் சாய்த்து அடித்தது. இவர் லுங்கிக்கு மேல் ஸ்வெட்டர், தலையில் குரங்குக் குல்லாவோடு காபி கேட்டு வந்து நின்றார். மகள் பார்த்துவிட்டு, "அப்பா, அட் த்ரீ ஓ'கிளாக், நோ லுங்கி. ப்ளீஸ். அம்மா, நீ டோன்ட் ஷவுட். ப்ளீஸ்" என்றாள். "நான் எங்கடி கத்துறேன்?" என்று கத்தினேன்.

இரண்டு மணிக்கு ஆரம்பித்தோம். பரங்கிக்காயைக் கூட்டு வைக்கலாம், புளிக்குழம்பில் போடலாம். அதில் சர்க்கரையும் மைதாவும் கொட்டிப் பட்டைப் பொடி தூவுவது எனக்கு மனசுக்கு ஒப்பவில்லை. பட்டை வாசம் வந்ததும் இவர் மாடியிலிருந்து, "பிரியாணியா?" என்று ஆசையாகக் கேட்டார். மகள் ஒவ்வொரு கரண்டி மாவையும் கத்தியால் சீவி மட்டம் பார்த்தாள். "கண்ணளவுக்குப் போடு கண்ணு" என்றால், "தட்ஸ் நாட் எ மெஷர்மென்ட்" என்கிறாள்.

"அம்மா, ஷுட் ஐ ப்ரீஹீட்?"

"பண்ணு பண்ணு, உள்ள ஒண்ணுமில்ல, நேத்தே காலி பண்ணியாச்சு."

ஓவன் சூடாகப் பொத்தானை அமுக்கி முந்நூற்று ஐம்பது டிகிரி வைத்தாள்.

அரை மணி நேரம் போயிருக்கும். தகர டப்பாவுக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன். ஒரு வாசனை வந்தது. பட்டை இல்லை, பரங்கிக்காய் இல்லை. கல்லில் தோசை ஓரம் கருகுகிற வாசனை. யார் வீட்டில் இந்நேரம் தோசை வார்க்கிறார்கள் என்று நிஜமாகவே ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். அப்போதுதான் சுருக்கென்றது. காலையில் எழுந்ததும் குளிராக இருக்கிறதே என்று, அரைத்த மாவை, பெரிய எவர்சில்வர் பாத்திரத்தோடு, வழக்கம்போல...

"ஐயோ! என் மாவு! போச்சு போச்சு போச்சு! ஏங்க! ஓடி வாங்க!"

கண்ணாடியை மறைத்துத் தொங்கிய துண்டை இழுத்தெறிந்து கதவைத் திறந்தேன். புகை முகத்தில் அடித்தது. மாவு பொங்கி, மூடியிருந்த தட்டையும் தள்ளிக்கொண்டு எழும்பி, நாலு பக்கமும் வழிந்து, கீழே சூடான இரும்பில் கருகிக்கொண்டிருந்தது. பாத்திரத்துக்குள் இருந்த மிச்சமெல்லாம் சேர்ந்து வெந்து ஒரே இட்லி ஆகியிருந்தது. ஐம்பது இட்லிக்கான மாவு, ஒரே இட்லி. மேலே தட்டு தொப்பி மாதிரி உட்கார்ந்திருந்தது. கூரையில் அலாரம் வீல் வீலென்று அலற ஆரம்பித்தது. இவர் லுங்கியோடு நாற்காலி மேல் ஏறி நின்று துண்டை வீசினார்.

"மாவு உள்ள இருக்குன்னு ஏன்டி சொல்லல?" என்று மகளைக் கேட்டேன்.

"நீதானே வெச்ச!" என்றார் நாற்காலியிலிருந்து.

"நீங்க குல்லாவைக் கழட்டுங்க மொதல்ல!"

மகள் போனை எடுத்தாள். "ஐ'ம் டெல்லிங் ஹர் நாட் டு கம்" என்றாள். அவள் டைப் பண்ணி முடிப்பதற்குள் வாசல் மணி அடித்தது.

பத்து நிமிஷம் முன்னாலேயே வந்துவிட்டாள் அந்தப் பெண். கதவைத் திறந்தால் நனைந்த ஷூவோடு நிற்கிறாள். பின்னால் அவள் அம்மா காரிலிருந்தே கையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாள். அந்தப் பெண் அலாரத்தைப் பார்த்தாள், நாற்காலி மேல் லுங்கியைப் பார்த்தாள், டேபிள் முழுக்க இருந்த பாத்திரக் கடையைப் பார்த்தாள். கடைசியில், இரண்டு கையிலும் துணி சுற்றி நான் ஏந்தி நின்ற பாத்திரத்தைப் பார்த்தாள்.

"வாட் இஸ் தட்?"

பெத்தவள் இல்லையா, மகளைக் காட்டிக்கொடுக்க வாய் வரவில்லை. "ப்ரெட்" என்றேன். "வி பேக் ஆல் த டைம்."

மகள் கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு அந்தப் பெண்ணை இழுத்துக்கொண்டு மாடிக்குப் போய்க் கதவைச் சாத்தினாள்.

அலாரம் ஓய்ந்தபிறகு வீட்டில் மழைச் சத்தம் மட்டும்தான். "முடிஞ்சுதுங்க. திங்கக்கிழமை ஸ்கூல் பூரா சொல்லிடுவா. என் பொண்ணு மறுபடி லைப்ரரில போய் உட்காரப் போறா, எல்லாம் என்னால" என்றேன். இவர் சமாதானம் சொல்லத் தெரியாமல் அந்த இட்லியில் ஒரு துண்டு பிய்த்து வாயில் போட்டு, "மேல நல்லாத்தான் இருக்கு" என்றார். அடிக்கலாம் போல இருந்தது.

ஓவனில் மாவு சிமென்ட்டாக இறுகிவிட்டது, இனி அதில் எதுவும் நடக்காது. விடுவேனா? பெரிய குக்கரில் அடியில் உப்பைக் கொட்டி, கேஸ்கட்டையும் வெயிட்டையும் கழற்றிவிட்டு, பரங்கிக்காய் மாவு ஊற்றிய கேக் டப்பாவை உள்ளே இறக்கிச் சிறு தீயில் வைத்தேன். பிறகு பாத்திரம் துடைக்கிற சாக்கில் மாடிப்படியடியில் போய் நின்றுகொண்டேன்.

கதவுக்குப் பின்னால் திடீரென்று என் குரல் கேட்டது.

"ஐயோ! என் மாவு! போச்சு போச்சு போச்சு!"

மகள்தான். நான் கத்தியதை அப்படியே நடித்துக் காட்டுகிறாள், அச்சு அசல் என் தமிழில். தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்கிற கழுதை! "ஏங்க! குல்லாவைக் கழட்டுங்க மொதல்ல!" அந்தப் பெண்ணுக்கு ஒரு வார்த்தை புரிந்திருக்காது, ஆனால் விழுந்து விழுந்து சிரிக்கிறாள். "டூ இட் அகெய்ன்!" மறுபடி நடித்தாள். இந்தத் தடவை மூக்கால் அழுகை வேறு. நான் எங்கே மூக்கால் அழுதேன்?

எனக்கு வந்ததே கோபம். நாலு படி ஏறிவிட்டேன். ஐந்தாவது படியில், என் மகள் சிரிப்பதும் சேர்ந்து கேட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க, நடுவில் கொர்ரென்று ஒரு சத்தம் வரும் அவளுக்கு, அந்தச் சிரிப்பு. நியூ ஜெர்சியை விட்டு வந்தபிறகு அதை நான் கேட்கவே இல்லை. அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டேன். கண்ணில் தண்ணீர் கொட்டியது, சந்தோஷம் தாங்கவில்லை.

"இஸ் யுவர் மாம் ஆல்வேஸ் லைக் திஸ்?"

"எவ்ரி டே" என்றாள் என் மகள். பெருமையாகத்தான் சொன்னாள், சத்தியமாக.

பிறகு சிரிப்பு அடங்கியது. அமைதி. ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம். பேச விஷயம் தீர்ந்துவிட்டதா? போர் அடிக்கிறது என்று அந்தப் பெண் கிளம்பிவிட்டால்?

சத்தமில்லாமல் இறங்கிச் சமையலறைக்கு வந்தேன். குக்கரை எட்டிப் பார்த்தேன், கேக் பொன்னிறமாக, ஒரு குறையும் இல்லாமல் எழும்பியிருந்தது. டேபிளிலிருந்து ஒரு எவர்சில்வர் தட்டை எடுத்துத் தரையில் ஓங்கிப் போட்டேன்.

"ஐயையோ! என் கேக்கு! ஏங்க! ஓடி வாங்க!"

இவர் பாவம், நிஜமென்று நம்பித் துண்டோடு ஓடி வந்தார். மாடியில் இரண்டு பேரும் வீறிட்டுச் சிரித்தார்கள். நான் அடுத்த தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, காதைத் தீட்டி நின்றேன்.