ராத்தா தைத்த இரண்டு கோடுகள்

எங்கள் ராத்தாவை வல்ல இறைவன் தன்னிடம் அழைத்துக்கொண்டு ஓராண்டு நிறைகிறது. அவருடைய ஒரே தம்பி நான். பலரும் அவரைப் பொறுமைசாலி என்றே இந்த நினைவு மலரில் எழுதியிருக்கிறார்கள். நானறிந்த ராத்தா பிடிவாதக்காரர்.

அட்டாளைச்சேனையில் வேளாண்மைக் குடும்பத்தில் பிறந்து, கல்முனைக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர். சுனாமியில் கடல் ஊருக்குள் புகுந்த அன்று தன் கணவரை, என் மச்சானை, இழந்தார். பிறகு தையல் மெஷினை நம்பியே இரண்டு பெண்பிள்ளைகளையும் படிப்பித்து ஆசிரியைகளாக்கினார்.

முஸ்லிம்களான நம்மவர் கடைகள் சில இடங்களில் எரிக்கப்பட்டு, நாங்கள் குரலைத் தாழ்த்திப் பேசிக்கொண்டிருந்த காலம் அது. இலங்கையின் சுதந்திர தினத்துக்கு ஒரு வாரம் இருந்தது. அலுவலகமொன்றில் எழுதுவினைஞராக இருந்த என்னிடம், மேலதிகாரி நாற்பது கொடித் துணிகளைக் கொடுத்து ஓரம் தைத்துவரச் சொன்னார். ராத்தாவிடம் கொண்டுபோனேன். ஒன்றை விரித்துப் பார்த்தார். சிங்களவரைக் குறிக்கும் வாளேந்திய சிங்கம் மட்டுமே இருந்தது. தமிழருக்கும் முஸ்லிம்களுக்குமென்று கொடியில் இருக்கும் செம்மஞ்சள், பச்சைக் கோடுகள் இல்லை.

“நாம எங்க தம்பி இதில?”

“அவங்க தந்தது இதுதான் ராத்தா. ஓரத்த மட்டும் தைச்சித் தாங்க. என்ட வேலைக்கு ஆபத்து.”

“சுதந்திரம் கிடைச்ச நேரம் சிங்கம் மட்டுந்தான் இருந்த. நம்மட ஆக்கள் கேட்டுத்தான் இந்த ரெண்டு கோடும் வந்த. அத நான் இல்லாமலாக்கவா?”

அடுத்த வீட்டு றோஸ் அக்காவைக் கூப்பிட்டார். அவர் கத்தோலிக்கத் தமிழர். இருவரும் துணி வெட்டி, நாற்பது கொடிகளிலும் இரு கோடுகளையும் சேர்த்துத் தைத்தார்கள். விழாவுக்கு முதல் நாள் ராத்தாவே அவற்றை அலுவலகத்துக்கு எடுத்து வந்தார்.

“யார் உங்களுக்கு இப்படித் தைக்கச் சொன்னது?” என்று அதிகாரி சத்தமிட்டார்.

“இதுதான் நாட்டுக் கொடி, ஐயா. பிழையெண்டா பொலிசக் கூப்பிடுங்க. நான் இங்கயே இரிக்கன்.”

அவர் கூப்பிடவில்லை. மறுநாள் காலை அந்த நாற்பதும் கட்டடத்தைச் சுற்றிப் பறந்தன. நான் மட்டும் தலைகுனிந்து நின்றேன். இரண்டு மாதத்தில் என்னைத் தொலைவிலுள்ள பொத்துவிலுக்கு மாற்றினார்கள். அந்தக் கோபத்தில் ஓராண்டு ராத்தாவோடு கதைக்கவில்லை. ஒருநாள் பஸ்ஸேறி அவரே வந்தார்.

“நீ பயந்ததில பிழையில்ல தம்பி. நானும் பயந்திருந்தா என்ட ரெண்டு புள்ளைகளும் இந்த நாட்டில குனிஞ்சிதான் நடக்கும்” என்றார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

சிறுநீரகம் பழுதாகிக் கிடந்த கடைசி மாதங்களிலும் ராத்தா யாரிடமும் முறையிடவில்லை. அப்போது பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்ட றோஸ் அக்காவுக்கும், மருத்துவத் தாதியருக்கும், ஜனாஸாவைத் தோளில் சுமந்தவர்களுக்கும், துஆச் செய்த அனைவருக்கும் எங்கள் குடும்பம் நன்றி சொல்கிறது.

இந்த நாடு யாருடையது என்று எங்களைக் கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். முன்பு நான் வாய் திறக்கமாட்டேன். இப்போது நிமிர்ந்து நின்று சொல்கிறேன்: எங்களுடையதும்தான்.