முக்காட்டுடன் பிறந்தவன்

பனிக்குடச் சவ்வைத் தலையில் முக்காடாகப் போர்த்திக்கொண்டு எப்போதாவது ஒரு குழந்தை பிறக்கும். அந்தச் சவ்வை உலர்த்தி உடன் வைத்திருப்பவன் கடலில் மூழ்கமாட்டான் என்று இங்கிலாந்தின் டெவன்போர்ட் துறைமுகத்துக் கடற்படைத் தெருக்களில் எல்லோரும் நம்பினார்கள். அது குழந்தையின் உடைமை. குழந்தைக்கு அடுத்த உரிமை தகப்பனுக்கு. மருத்துவச்சியான ஹெஸ்டருக்கு அதில் நம்பிக்கை இல்லை. இருந்தும் முறைப்படி அதைக் காகிதத்தில் ஒட்டி உலர்த்தி, அந்தந்த வீட்டாரிடமே ஒப்படைத்துவந்தாள். ஒரு வீட்டைத் தவிர.

அது ஐவியின் வீடு. ஐவியின் கணவன் நார்மனும் ஹெஸ்டரின் தம்பி வில்ஃபும் ‘கெல்டன்’ என்னும் நாசகாரிக் கப்பலில் ஒரே பீரங்கிக்குக் குண்டு எடுத்துக் கொடுப்பவர்கள். இரண்டாம் உலகப் போரில் ரஷ்யாவுக்குப் போகும் சரக்குக் கப்பல்களுக்குக் காவலாகச் சென்று, ஜெர்மன் நீர்மூழ்கிகளை நீருக்கடியில் வெடிக்கும் கலங்களை வீசி விரட்டி, தளத்தில் உறைந்த பனியைக் கோடரியால் வெட்டித் தள்ளியபடி தப்பிவந்த கப்பல் அது. பழுது பார்த்து முடிந்துவிட்டது. மறுநாள் மீண்டும் வடக்கே புறப்பட வேண்டும்.

ஐவி அரைமயக்கத்தில் கிடந்தபோது பையன் முக்காட்டுடன் வந்தான். ஹெஸ்டரின் பழகிய கை அதை மெல்ல உரித்தது. அன்று காலையில் வில்ஃப் தேநீரை ஆறவிட்டு, பயணப் பையைக் கட்டுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தது அவள் நினைவுக்கு வந்தது. சவ்வைக் கைக்குட்டையில் சுற்றிப் பைக்குள் வைத்தாள்.

கதவருகே நார்மன் நின்றிருந்தான். “என்ன நர்சம்மா, பய தலையில தொப்பி போட்டுக்கிட்டு வந்தானா?”

“வெறுந்தலைதான். உன்னைவிட முடி கொஞ்சம் ஜாஸ்தி.”

“அட, சரி விடுங்க!” என்று சிரித்தான் நார்மன். “நான் நீச்சல் கத்துக்கறேன்.”

அன்றிரவே அதைக் காகிதத்தில் ஒட்டி உலர்த்தி வில்ஃபிடம், “ஒரு வீட்டுல குடுத்தாங்கடா” என்று சொல்லிக் கொடுத்தாள். அவன் அதைப் புகையிலை டப்பாவில் வைத்துக்கொண்டான்.

வடக்கே போன கெல்டனை நீர்மூழ்கி ஒன்று தாக்கி மூழ்கடித்தது. பிழைத்த சிலரில் வில்ஃப் இருந்தான், நார்மன் இல்லை. வில்ஃப் மருத்துவமனையில் கிடந்த வாரங்களில் ஹெஸ்டர் நாள் தவறாமல் ஐவிக்குச் சூப்பு கொண்டுபோனாள், நிலக்கரி சுமந்தாள், பிரசவக் கூலியை வாங்க மறுத்தாள்.

“உங்களை மாதிரி ஒரு நல்ல மனசு யாருக்கு வரும் நர்சம்மா?” என்பாள் ஐவி. அதைக் கேட்டதும் ஹெஸ்டர் அடுப்பைக் கிளறத் திரும்பிக்கொள்வாள். உண்மையைச் சொன்னால் தெருவாரின் மதிப்பும் போகும், தொழிலும் போகும். சொல்லாவிட்டால் இந்தப் பாராட்டை ஒவ்வொரு நாளும் விழுங்கவேண்டும்.

காது நுனிகள் பனியில் கருகியிருக்க வில்ஃப் ஊர் திரும்பியதும், ஐவியைப் பார்க்கவேண்டுமென்று அக்காவையும் அழைத்துக்கொண்டு போனான். ஹெஸ்டரின் மடியில் குழந்தை இருந்தது.

“நானும் நார்மனும் ஒரே மிதவையிலதான் கிடந்தோம்,” என்றான் வில்ஃப். “என் பெல்ட்டைப் பிடிச்சுக்கிட்டு, ‘உன்கிட்டதான் முக்காடு இருக்கே மாப்ளே, உன்னைப் புடிச்சுக்கிட்டா எனக்கும் சேர்த்து அது போதும்’னு சிரிச்சான். அப்புறம் விரல் விறைச்சுப்போச்சு. எப்ப விட்டான்னே தெரியல, ஐவி.” டப்பாவைத் திறந்து நீட்டினான். “இது இனிமே உன் பையனுக்கு.”

ஐவி அதைத் தொட்டுப் பார்த்தாள். “பாவம், எந்த வீட்டுப் பிள்ளையோடது?”

“அக்காவைத்தான் கேக்கணும்.”

ஏதேனும் ஒரு தெருவின் பெயரைச் சொல்லியிருக்கலாம், பெயர்களுக்கா பஞ்சம்? குழந்தை அவளுடைய கட்டைவிரலைப் பற்றியிருந்தது.

“இந்த வீட்டோடது,” என்றாள் ஹெஸ்டர்.

வில்ஃபுக்கு நீட்டிய கையை மடக்கத் தெரியவில்லை. ஐவி எழுந்து வந்து, ஹெஸ்டரின் விரலிலிருந்து குழந்தையின் பிடியை விலக்கி, அவனைத் தூக்கிக்கொண்டாள்.

“சூப்புப் பாத்திரத்தைக் கழுவி வச்சிருக்கேன். எடுத்துக்கிட்டுப் போங்க.”

டப்பாவை மேசைமேல் வைத்துவிட்டு வில்ஃப் அக்காவுக்கு முன்னால் வெளியேறினான். அந்த மாதமே வேறொரு நாசகாரியில், வெறும் சட்டைப்பையுடன், வடக்கே போனான். போர் முடிந்து உயிரோடுதான் திரும்பினான். சவ்வினால் ஒன்றுமில்லை என்பதற்கு அதைவிட வேறு சான்று வேண்டாம். ஆனால் ஹெஸ்டர் அதை ஒருநாளும் யாரிடமும் சொல்லவில்லை. முக்காட்டுடன் குழந்தை பிறந்தால், உரித்த கையோடு வீட்டார் அனைவரையும் கூப்பிட்டு, வெளிச்சத்தில் பிடித்துக் காட்டுவாள். ஐவியின் தெருவிலிருந்து மட்டும் அதன்பின் அவளை யாரும் அழைக்கவில்லை.