சீட்டு, கிட்டி, கமேட்டி

அப்பாவைப் பெற்ற தாத்தா சீட்டில் வீட்டை இழந்தவர் என்பது எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்தே தெரியும். கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து யார் வந்தாலும் பேச்சு சுற்றிச் சுற்றி அங்கேதான் வந்து நிற்கும். "சீட்டுல போன வீடுல்லா" என்பார்கள். அப்பாவின் முகம் சுருங்கிவிடும். கரோல் பாகில் பிறந்து வளர்ந்த எனக்குத் தெரிந்த சீட்டு ஒன்றே ஒன்றுதான்: ராஜா, ராணி படம் போட்ட சீட்டு. ஆகவே தாத்தா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கடைசி ஆட்டத்தில் வீட்டுச் சாவியைத் தூக்கிப் போடுவதாக ஒரு காட்சியை நானே ஜோடித்து வைத்திருந்தேன். பெரிய தைரியசாலி என்று அவர் மேல் எனக்குக் கொஞ்சம் மரியாதைகூட இருந்தது.

தாத்தா போட்ட சீட்டு வேறு. மாதாமாதம் பத்துப் பேர் பணம் போட, மாதத்துக்கு ஒருவராக மொத்தத்தையும் எடுத்துக்கொள்கிற சீட்டு. அதை நடத்தியவன் வசூலோடு ஊரை விட்டே ஓடிவிட்டான். கடன் வாங்கிச் சீட்டுக் கட்டியிருந்த தாத்தா வீட்டை விற்றுக் கடனை அடைத்தார். அப்பா அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார். இதெல்லாம் எனக்கும் புரிந்திருக்கும் என்று பெரியவர்கள் நினைத்துக்கொண்டார்கள். டெல்லிப் பிள்ளையின் தமிழ் மேல் அவர்களுக்கு அவ்வளவு நம்பிக்கை.

இதில் என்னைக் குழப்பிய விஷயம், ஊருக்குப் போகும் ரயிலில் அப்பாவே சீட்டு விளையாடுவார் என்பதுதான். எதிர் இருக்கைக்காரர்களோடு சிரித்துச் சிரித்து விளையாடுவார். நான் மட்டும் எங்கள் பெட்டியை இரண்டு கையாலும் பிடித்தபடி போபால் வரைக்கும் தூங்காமல் உட்கார்ந்திருப்பேன்.

அம்மா வீட்டிலேயே பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு பி.எட். படித்து ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சராக வேண்டும் என்று ஆசை. வெறும் ஆசை இல்லை. எந்தக் கல்லூரி, எத்தனை பஸ் மாற வேண்டும் என்பது வரைக்கும் விசாரித்து வைத்திருந்தாள். ஃபீஸுக்குத்தான் வழி தேடிக்கொண்டிருந்தாள். டியூஷன் பணம் வீட்டில் இருந்தால் காய்கறியாகவும் கேஸ் சிலிண்டராகவும் கரைந்துவிடும். அதனால் அதை மாதாமாதம் மாடி வீட்டுப் பஞ்சாபி ஆன்ட்டி நடத்திய கிட்டியில் போட்டு வந்தாள்.

கிட்டி என்றால் டெல்லிப் பெண்களின் மாதக் கூட்டம். பெண்கள் கூடுவார்கள், சமோசா சாப்பிடுவார்கள், ஆளுக்கு ஒரு தொகை போடுவார்கள், ஒருத்தி எடுத்துக்கொண்டு போவாள். வட்டி ஒரு பைசா கிடையாது. ஆனால் பணம் போடாமல் அந்த ஆன்ட்டியின் முகத்தில் விழிக்க முடியாது. ஃபீஸ் கட்டும் சமயம் பார்த்து, அந்த மாதத்து முறை தனக்கு என்று அம்மா ஆன்ட்டியிடம் சொல்லி வைத்திருந்தாள். அப்பாவிடம் அவள் பொய் சொல்லவில்லை. "மாடில கிட்டி, போயிட்டு வாரேன்" என்பாள். "போயிட்டு வா, நாலு வார்த்தை ஹிந்தியாவது பழகும்" என்பார் அப்பா.

ஒருநாள் நானும் அவள் பின்னாலேயே மாடிக்குப் போனேன். சமோசா தீர்ந்ததும் ஆன்ட்டிகள் கட்டிலில் வட்டமாக உட்கார்ந்து சீட்டுக்கட்டைக் கலைத்தார்கள். ஒரு ஆன்ட்டி பாத்ரூம் போன நேரம் அம்மா அவளுடைய சீட்டுகளைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டாள். முதலில் தாத்தா, இப்போது அம்மா. நாங்கள் இருந்தது வாடகை வீடு, அதை யாரும் தோற்க முடியாது என்பதெல்லாம் எனக்குத் தோன்றவில்லை. யாரிடமும் சொல்லாமல் பயந்துகொண்டிருந்தேன்.

அம்மாவின் தங்கை, என் சித்தி, அப்போது குர்காவ்ன் கம்பெனி ஒன்றில் வேலையில் சேர்ந்திருந்தாள். ஹாஸ்டல் சாப்பாடு பிடிக்காமல் சனிக்கிழமை தோறும் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவாள். மனிதர்கள் பண விஷயத்தில் ஏன் தப்புத் தப்பாக முடிவெடுக்கிறார்கள் என்று பார்ப்பதுதான் அவள் வேலை. "அதைப் பாக்குறதுக்குச் சம்பளமா?" என்று அப்பா கேட்பார். சம்பளத்தில் ஒரே பிடித்தம்தான், அதற்கு 'உங்கள் குழந்தையின் படிப்புக்கு' என்று பேர் வைத்தால் ஜனங்கள் விட்டுவிடுகிறார்கள், வெறும் 'பிடித்தம்' என்றால் சண்டைக்கு வருகிறார்கள் என்பாள். கேட்க நன்றாகத்தான் இருக்கும். அதே சித்தி, ஒரு வருஷப் பணத்தை முன்கூட்டிக் கட்டிவிட்ட ஒரே காரணத்துக்காகக் காய்ச்சலோடு ஜிம்முக்குப் போய் மயங்கி விழுந்தவள். ஊருக்குத்தான் உபதேசம்.

கிட்டிக்கு அடுத்த சனிக்கிழமை ராத்திரிச் சாப்பாட்டில் அவள் ரொம்ப உற்சாகமாக இருந்தாள். ஆபீஸில் ஏதோ உதாரணம் கேட்டார்களாம், நம் வீட்டையே சொல்லிவிட்டாளாம்.

"அத்தான், உங்களுக்குச் சீட்டுன்னாலே ஆகாது. ஆனா அக்கா கிட்டின்னு சொன்னா சிரிச்சுக்கிட்டே அனுப்பி வைக்கீங்க. ரெண்டும் ஒண்ணுதானே? பேர மாத்துனா மனசே மாறுது பாத்தீங்களா?"

அப்பா கையில் எடுத்த சோற்றைத் தட்டிலேயே வைத்தார். அம்மா ரசக் கரண்டியோடு அப்படியே நின்றாள். "அப்ப அது சீட்டா?" என்றார் அப்பா. "பி.எட். ஃபீஸ் கட்டுற மாசம் என் முறை வருது" என்றாள் அம்மா. "இந்த வீட்டுல சீட்டு வேண்டாம்" என்று சொல்லிவிட்டுக் கையைக் கழுவப் போனார்.

நான் ஓவென்று அழுதேன். வீடு போய்விடுமா என்று கேட்டு அழுதேன். அம்மா சீட்டு ஆடியதை நான் பார்த்தேன் என்றும் அழுகையோடு சேர்த்துச் சொல்லித் தொலைத்தேன். சித்திக்கு ஒன்றும் புரியவில்லை. அம்மா என்னைக் கட்டிக்கொண்டு அது வேற சீட்டு, அது வேற சீட்டு என்றாள். சீட்டிலே வேறு சீட்டு எப்படி இருக்கும்? அவள் சொல்லச் சொல்ல எனக்குக் குழப்பம்தான் கூடியது.

அதற்குப் பிறகு வீடு வீடாக இல்லை. அடுத்த கிட்டி நாள் வந்தது, அம்மா மாடிக்குப் போகவில்லை. சேர்த்த பணம் முழுகிப்போகாது. ஆனால் நடுவில் நின்றுவிட்டால் கடைசி மாதத்தில்தான் திரும்பக் கிடைக்கும். அதற்குள் கல்லூரியில் சேரும் காலம் முடிந்துவிடும். அம்மா டியூஷன் பிள்ளைகளை வழக்கத்துக்கு மாறாகத் திட்டினாள். சித்தி போன் செய்து மன்னிப்புக் கேட்டாள் போலிருக்கிறது, "உன் படிப்பு உன்னோட இருக்கட்டும்" என்று அம்மா சொன்னது காதில் விழுந்தது. எனக்கு அம்மாவைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அப்பாவைப் பார்த்தாலும் பாவமாகத்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை மாடி ஆன்ட்டியே இறங்கி வந்துவிட்டாள். அம்மா அடுக்களையில் தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். மணிச் சத்தம் கேட்டும் வெளியே வரவில்லை. கதவைத் திறந்தவர் அப்பா.

"பாயி சாப், கமேட்டி கே பைசே?" என்று பணத்தைக் கேட்டாள் ஆன்ட்டி.

பஞ்சாபிகள் சீட்டைக் கமேட்டி என்பார்கள். எங்கள் தெருவில் இது ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். அப்பா கதவைப் பிடித்தபடி அடுக்களைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். "கமேட்டியா?" என்றார். "ஹான் ஜி, கமேட்டி" என்றாள் அவள்.

அப்பா உள்ளே வந்தார். ஆணியில் தொங்கிய சட்டையிலிருந்து பணத்தை எடுத்து எண்ணினார். "கமேட்டின்னா குடுத்துத்தானே ஆகணும்" என்று தமிழில், யாரையும் பார்க்காமல், அடுக்களைக்குக் கேட்கிற மாதிரிச் சொன்னார். ஆன்ட்டியிடம் கொடுத்துவிட்டு, அடுத்த மாதம் யார் முறை என்பதை மறக்க வேண்டாம் என்று ஹிந்தியில் ஏதோ முனகினார்.

அப்பா ஏமாறுகிறார் என்று எனக்குப் பதறியது. அடுக்களைக்கு ஓடினேன். "அம்மா, கமேட்டின்னா கிட்டிதானே, கிட்டின்னா சீட்டுதானே, அப்பாவுக்குத் தெரியல, நான் போய்..." என்பதற்குள் கல்லிலிருந்து எடுத்த தோசையைப் பிய்த்து என் வாயில் திணித்துவிட்டாள். சுட்டது. நான் மென்று விழுங்கும் வரைக்கும் என் வாயைப் பொத்திய கையை அவள் எடுக்கவில்லை. அவள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. இரண்டும் மாதிரி இருந்தது.

அந்த வருஷம் ஆடி மாதமே அம்மா கல்லூரியில் சேர்ந்தாள். இன்று ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். அவளிடம் படித்த பிள்ளைகள் கரோல் பாக் முழுக்க இருக்கிறார்கள். அப்பா இருபது வருஷமாக அரசு அலுவலகத்தில் ஹிந்தியிலேயே கோப்பு எழுதியவர் என்பதையும், அவருடைய செக்‌ஷனிலேயே மாதா மாதம் ஒரு கமேட்டி நடந்தது என்பதையும் யாரும் என்னிடம் சொல்லவில்லை. அம்மா டீச்சரானது அப்பாவின் அரைகுறை ஹிந்தியால்தான் என்று நான் வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன்.