பேட்டரிக்கு வைத்த சந்தனம்

மயிலாத்தாள் கார் ஓட்டக் கற்றுக்கொண்டது நாற்பத்தாறு வயதில், புருஷன் அரங்கசாமி காலமான மறு வருஷம். கோவை கணபதியில் எங்கள் தெருவே வாசலில் நின்று வேடிக்கை பார்த்துச் சிரித்தது, நானும்தான் நின்றேன். கொஞ்ச நாளில் அந்தப் பழைய ஃபியட்டில் மார்க்கெட்டுக்குப் போய் வெங்காய மூட்டையோடு திரும்பி வந்தாள். அப்புறம் தெருவில் யாருக்குப் பிரசவ வலி என்றாலும் அவள் வீட்டுக் கதவைத்தான் தட்டினார்கள். சிரித்தவர்களும்தான்.

பக்கத்தில் லேத் பட்டறை வைத்திருந்த திருமலைசாமிக்கு மட்டும் இது பிடிக்கவில்லை. அரங்கசாமியின் அண்ணன் அவர். நல்ல மனுஷர், ஆனால் தம்பி வண்டியைத் தம்பி பெண்டாட்டி ஓட்டுவது அவருக்குத் தொண்டையில் சிக்கிய முள். "பழைய வண்டி அம்மணி. நடுரோட்டுல நின்னுச்சுன்னா ஆரு வருவா? வித்துப்போடலாம்" என்பார். கேட்டுக் கேட்டுச் சலித்துப்போய், "ஒரு நாள் கிளம்பலைன்னாலும் நீங்களே வித்துக்குங்க மாமா" என்று அவளும் வாக்குக் கொடுத்துவிட்டாள். இதைவிட அசட்டு வாக்கை நான் கேட்டதில்லை. அவளுக்கென்று மிச்சமிருந்ததே அந்த ஸ்டியரிங்தான்.

தொண்ணூற்று நான்காம் வருஷ விஜயதசமி. சூலூரில் கட்டிக்கொடுத்த மகள் நித்யஸ்ரீயைத் தலைப்பிரசவத்துக்கு அழைத்து வர வேண்டும். முதல் நாள் ஆயுத பூஜைக்கு வண்டியைக் கழுவி, மாலை போட்டு, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்திருந்தார்கள். மயிலாத்தாள் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினாள். சத்தமே இல்லை.

ஹார்னை அமுக்கினாள், லைட்டைப் போட்டாள். இரண்டும் செத்துக்கிடந்தன. "கரண்ட்டே வரலீங்க. பானெட்டைத் தெறந்து பாக்கோணும்" என்றாள். யார் காதில் போட்டுக்கொண்டார்கள்? நம் ஆண்களுக்கு வண்டி நின்றால் தள்ளத்தான் தெரியும். எலுமிச்சம்பழம் நசுங்கத் தெருமுனை வரை தள்ளிப்போய், திரும்ப வாசலுக்கே தள்ளிக்கொண்டு வந்தார்கள். வண்டி இருமக்கூட இல்லை.

"பழம் நசுங்கியும் வண்டி கிளம்பலை. நம்ம மாருதியில போயிட்டு வா அம்மணி. அவிநாசிக்காரர் ஒருத்தர் வெலைக்குக் கேட்டுட்டே இருக்கறாரு, மத்தியானம் வரச் சொல்லீர்றேன்" என்றார் திருமலைசாமி. அவர் குரலில் சந்தோஷம் இல்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

மயிலாத்தாள் பானெட்டைத் தூக்கினாள். பேட்டரியின் இரண்டு முனையிலும் உருண்டை உருண்டையாகச் சந்தனம், நடுவில் குங்குமம். வயரை மாட்டியிருந்த கிளிப்பின் இடுக்கில் நகத்தை விட்டுப் பார்த்தாள். உள்ளேயும் சந்தனம், கரண்ட் போக வழியில்லாமல் காய்ந்து கட்டிதட்டிக் கிடந்தது.

"மாமா, பொட்டு வெக்கறப்ப இதைக் கழட்டுனீங்களா?" முதல் நாள் வண்டிக்குப் பூஜை போட்டவர் அவர்தான். மெதுவாகத்தான் கேட்டாள். பக்கத்தில் நின்ற எனக்கே அரைகுறையாகத்தான் விழுந்தது.

"ஆமா அம்மணி. தொடைச்சு, உள்ளயும் சந்தனம் பூசித்தான் மாட்டுனேன். தம்பி வண்டியாச்சே, ஒண்ணும் விட்டுப்போகக் கூடாதுன்னு..." சொல்லிக்கொண்டே வந்தவர் அவள் விரல் நுனியைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார். லேத் ஓட்டுகிறவருக்கு அதற்கு மேல் விளக்கம் எதற்கு?

கழற்ற ஒரு ஸ்பேனர் போதும். ஆனால் கணபதியில் அன்றைக்குக் காலையில் ஸ்பேனர் கேட்பதா? எல்லாப் பட்டறையிலும் சாமான்கள் சாமி முன்னால் இருந்தன. நல்ல நேரம் பார்த்து மறுபூஜை முடிக்காமல் யாரும் தொடமாட்டார்கள். போன வருஷம் அவசரப்பட்டு ஒரு ஸ்க்ரூ டிரைவரை எடுத்ததற்காகச் சொந்த மகனையே வெளுத்து வாங்கியவர் திருமலைசாமி.

மயிலாத்தாள் கேட்கவில்லை. சந்தனம் யார் வைத்தது என்று கூட்டத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், அதையும் சொல்லவில்லை. நானாக இருந்தால் தெருவுக்கே கேட்கும்படி சொல்லியிருப்பேன்.

அவர் பட்டறைக்குள் போனார். நல்ல நேரம் பார்க்காமல் கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டுவிட்டு, குங்குமம் வைத்த ஸ்பேனரை எடுத்து வந்து அவள் கையில் கொடுத்தார். அவள் கிளிப்பைக் கழற்றி, வெந்நீரில் நனைத்த தேங்காய் நாரால் தேய்த்து, துடைத்து, மாட்டி இறுக்கினாள். சாவியைத் திருப்பியதும் இன்ஜின் ஒரே மூச்சில் பிடித்துக்கொண்டது. ஒரு ஃபியட்டுக்காக எனக்குக் கண் கலங்கிவிட்டது.

திருமலைசாமி வேட்டியைச் சரிசெய்துகொண்டு சுற்றி வந்தார். முன் கதவைத் திறந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் ஓட்டி அவர் அந்த வண்டியில் ஏறியது அதுதான் முதல் தடவை.

"பாப்பாயி" என்று வாசலில் நின்ற பெண்டாட்டியைக் கூப்பிட்டார். "அந்த அவிநாசிக்காரர் வந்தா, வண்டி விக்கறதுக்கு இல்லைன்னு சொல்லிப்போடு. ஓட்டறவங்க ஓட்டீட்டுப் போயிருக்கறாங்கன்னு சொல்லு."